அட்டையில் இல்லாத ஏழாம் வசனம்

என் வீட்டுக்காரருக்குப் பிடரியில பிளவைங்கிற சீழ்க்கட்டி வந்து, படுக்கவும் முடியாம உக்காரவும் முடியாம, நாலு நாளாக் காய்ச்சல்ல பிதற்றிக்கிட்டுக் கெடந்தாங்க. எண்பத்தொன்பதாம் வருஷம், பிப்ரவரி மாசம். ராஜபாளையத்துல நாங்க குடியிருந்த வாடகை வீடு. நான் பக்கத்துல உக்காந்து ஈ ஓட்டிக்கிட்டிருந்தேன். மாத்திரை கிடையாது, மருந்து கிடையாது, டாக்டர் கிடையாது. நானே வேண்டாம்னு சொல்லியிருந்தேன். இந்த ஆளு பிழைக்க மாட்டாருன்னு தெருவுல போறவங்களுக்குக்கூடத் தெரிஞ்சுது. எனக்குத் தெரியல, ஏன்னா நான் விசுவாசத்துல இருந்தேனாம்.

கோவப்படாம சாட்சி சொல்லுங்க செல்லத்தாயின்னு நம்ம பாஸ்டரம்மா சொல்லித்தான் என்னை இந்தச் சபைக்கு முன்னால நிப்பாட்டியிருக்காங்க. முயற்சி பண்றேன். ஒம்பது வருஷம் ஓடிப்போச்சு, இன்னும் நெனச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருது. என் புருஷனை உயிரோட திருப்பிக் கொடுத்த ஆண்டவருக்கு முதல்ல ஸ்தோத்திரம். அதைச் சொல்லிட்டேன். மிச்சத்தை எனக்கு வர்ற மாதிரிதான் சொல்ல முடியும்.

என் வீட்டுக்காரர், அவிய பேரு ஆசீர்வாதம். பஞ்சு மில்லுல மிஷின் ரிப்பேர் பார்க்குற பிட்டர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. நான் அப்படியே தலைகீழ். சத்திரப்பட்டி ரோட்டுல ஒரு தறிக்கூடத்துல எனக்கு வேலை. பேண்டேஜ் துணி நெய்யுற தறி. ஆமா, ஆஸ்பத்திரியில புண்ணுக்குக் கட்டுறாங்களே, அதேதான். காலையில ஆறு மணிக்குப் போனா மத்தியானம் ரெண்டு மணிக்கு விடுவாங்க. நான் பொறந்தது இந்த ஸ்ரீவில்லிபுத்தூர்லதான். ஆடிப்பூரத்துக்குத் தேர் வடம் பிடிக்கிற குடும்பம் எங்களுது. கல்யாணத்துக்குப் பொறவுதான் ஆண்டவரை அறிஞ்சேன். புதுசா வந்தவளுக்கு வேகம் ஜாஸ்தி இருக்கும்ல, அது எனக்கும் இருந்துச்சு. பரம்பரைக் கிறிஸ்தவரான அவியளைவிட நான்தான் ரெண்டு படி மேல நின்னு ஆடினேன்.

எண்பத்தேழுல அவியளுக்குச் சக்கரை இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. தினம் மாத்திரை. வேளாவேளைக்கு எடுத்துக் கொடுக்கிறது நான். மாத்திரை அட்டை எப்பவும் என் கைப்பைக்குள்ளதான் இருக்கும்.

புது வருஷத்தன்னைக்குக் காலை ஆராதனை முடிஞ்சதும் ராஜபாளையத்துல அப்ப நாங்க போய்க்கிட்டிருந்த ஜெபவீட்டுல வாக்குத்தத்த அட்டை எடுப்போம். உங்களுக்குத் தெரியாததா, போன வாரம் நீங்களும் எடுத்திருப்பீங்க. எவர்சில்வர் தட்டுல அட்டையை எல்லாம் கவுத்துப் போட்டு, மேல ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடியிருக்கும். கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். அந்த வருஷம் முழுக்க நமக்குன்னு ஆண்டவர் பேசுற வசனம் அதுதான்னு நம்பிக்கை. எண்பத்தொன்பது பொறந்தன்னைக்கு அவிய எடுத்த அட்டையைத் திருப்பினா, உன் ஜெபத்தைக் கேட்டேன், உன் கண்ணீரைப் பார்த்தேன், உன்னைக் குணமாக்குவேன்னு போட்டிருந்துச்சு.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அவிய தேம்பித் தேம்பி அழுதாங்க. ஜெபவீட்டை நடத்துனவரை நாங்க பிரதர்னுதான் கூப்பிடுவோம், பேரு வேண்டாம். அவரு அட்டையை வாங்கி உயர்த்திப் பிடிச்சு எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினாரு. ஆண்டவர் குணமாக்குவேன்னு சொல்லிட்டாரு, இனி மாத்திரை முழுங்கினா அவரைப் பொய்யராக்குறோம்னு சொன்னாரு. மாத்திரையைக் கொண்டாங்கன்னாரு. எடுத்துக் கொடுத்தது யாரு தெரியுமா? நான். கைப்பையைத் திறந்து நானே கொடுத்தேன். அதைக் காணிக்கைத் தட்டுல போட்டு ஜெபம் பண்ணினாரு. அதோட விட்டாரா, விசுவாசத்தைச் செய்கையில காட்டணும்னு யாரோ ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வாங்கிட்டு வந்திருந்த பால்கோவாவை ஒரு உருண்டை உருட்டி அவிய வாயில ஊட்டினாரு. சக்கரை வியாதிக்காரர் வாயில பால்கோவா. கூட்டம் மொத்தமும் அல்லேலூயான்னு கத்துச்சு. அதுல என் சத்தம்தான் கூட.

பத்து நாள்ல நாக்கு வறண்டுபோச்சு. குடம் குடமாத் தண்ணி குடிச்சாங்க, அம்புட்டும் ஒண்ணுக்காப் போச்சு. சட்டை தோள்ல நிக்கல. பிரதர்கிட்ட போய்ச் சொன்னேன். பழைய வியாதி வெளிய போகுது, சந்தேகப்படாதீங்கன்னாரு. ஜனவரி கடைசியில பிடரியில ஒரு சின்னப் பரு. ஒரு வாரத்துல உள்ளங்கை அகலத்துக்கு வீங்கிச் செவந்துபோச்சு. அதுல நாலஞ்சு கண்ணு, ஒவ்வொண்ணுலயும் சலம். கிட்ட போனா நாத்தம். பிரதர் வந்து எண்ணெய் பூசினாரு. துணியால மூடாதீங்க, மூடினா அது அவிசுவாசம்னாரு.

கேளுங்க இதை. காலையில எட்டு மணி நேரம் நின்னு பேண்டேஜ் துணி நெய்யுறேன். எந்த ஊரு ஆஸ்பத்திரியிலயோ எவன் புண்ணையோ அது கட்டுது. வீட்டுக்கு வந்தா என் புருஷன் புண்ணு தொறந்து கெடக்கு, நான் விசிறியை வச்சுக்கிட்டு ஈ ஓட்டுறேன். செவுட்டுல அறையணும் போல இருக்கு, அன்னைக்கு இருந்த என்னை.

எங்க அண்ணன் சீனி போலீஸ்ல ஏட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் டூட்டி. கேள்விப்பட்டு ஓடி வந்தான். சட்டையை விலக்கிப் பார்த்தான். இது பிளவை, நம்ம பெரியப்பா இதுலதான் போனாரு, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்னான். அவிய அசையல. வேதம் பொய் சொல்லாது மச்சான்னு மெதுவாச் சொன்னாங்க. அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"சாமியை மாத்திக்கிட்ட, சரி, அது உன் இஷ்டம். புத்தியையுமா கழட்டி வச்சுட்டு வந்த?"

அவிசுவாசி பேச்சைக் கேக்காதேன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. கூடப் பொறந்தவனை வாசல்ல நிக்க வச்சுக் கதவைச் சாத்தினேன். மனசு மாறுச்சுன்னா ஸ்டேஷனுக்குப் போன் போடுன்னு கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு சொல்லிட்டுப் போனான்.

அதுக்கு மூணாம் நாள். தறியில நிக்கேன். அவிய அன்னைக்குக் காலையில என்னை அடையாளம் தெரியாம யாரும்மா நீங்கன்னு கேட்டிருந்தாங்க. தறிச் சத்தத்துல பக்கத்துல நிக்கிறவ பேசுறதே காதுல விழாது. அதனால வாய்விட்டே ஜெபம் பண்ணினேன். ஜெபமா அது, சண்டை. இதுவரைக்கும் நான் பண்ணினதெல்லாம் மத்தவங்க சொல்லிக் கொடுத்த ஜெபம். இது மட்டும்தான் என் சொந்தம்.

"ஆண்டவரே, குணமாக்குவேன்னு நீர் சொன்னீரா இல்லையா? சொன்னீர்னா செய்யும். சொல்லலைன்னா எங்க தப்பு நடந்துச்சுன்னு இன்னைக்கே எனக்குக் காட்டும். உம்ம வசனத்தை நம்பித்தான் என் தாலியைத் தட்டுல போட்டுட்டு நிக்கேன். இனி ஒரு நாள் பொறுக்க மாட்டேன்."

பாவு நூல் நாலு எடத்துல அறுந்துபோச்சு. மேஸ்திரி வஞ்சாரு. வஞ்சுட்டுப் போங்கன்னு விட்டுட்டேன்.

ரெண்டு மணிக்கு ஷிப்டு முடிஞ்சு வீட்டுக்கு வந்தேன். அவிய சுவத்தைப் பார்த்து ஒருக்களிச்சுக் கெடந்தாங்க. மூச்சு வேகமா வந்துச்சு. கண்ணாடிப் பக்கத்துல சாத்தி வச்சிருந்த அந்த அட்டையை எடுத்தேன். இதை வச்சுத்தானே ஆண்டவரைக் கேக்கணும், வரிக்கு வரி கேப்போம்னு எடுத்தேன். ஒன்றரை மாசமா ஒரு நாளைக்கு நூறு தடவை வாசிச்ச அட்டை. அதுல வசனத்துக்குக் கீழ, பொடி எழுத்துல, அது எங்க இருக்குன்னு போட்டிருந்துச்சு. ராஜாக்கள் ரெண்டாம் புத்தகம், இருபதாம் அதிகாரம், அஞ்சாவது வசனம். சகோதரிகளே, ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட நான் அதைப் புரட்டிப் பார்க்கல. அவியளும் பார்க்கல. வேதத்தை நம்புறோம், வேதத்தை நம்புறோம்னு ஊரெல்லாம் சொன்னோம். நம்பினது ஒரு துண்டு அட்டையை. வேதம் அலமாரியில துணி சுத்திப் பத்திரமா இருந்துச்சு.

எடுத்தேன். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அதிகாரத்தோட தொடக்கத்துல இருந்து வாசிச்சேன். எசேக்கியான்னு ஒரு ராஜா சாகக் கெடக்காரு. வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்து, நீ பிழைக்க மாட்டேன்னு தீர்க்கதரிசி வந்து சொல்லிட்டுப் போறாரு. ராஜா சுவத்துப் பக்கம் திரும்பி அழுதாரு. ஆண்டவர் மனசு இரங்கி தீர்க்கதரிசியைத் திருப்பி அனுப்புறாரு. அஞ்சாவது வசனம், எங்க அட்டை. ஆறாவது வசனத்துல பதினஞ்சு வருஷம் ஆயுசைக் கூட்டித் தர்றதாச் சொல்லுறாரு. ஏழாவது வசனத்துக்கு வந்தேன்.

அத்திப்பழத்து அடையைக் கொண்டு வாங்கன்னு அந்தத் தீர்க்கதரிசியே சொல்லுறாரு. அதைக் கொண்டுவந்து ராஜாவோட பிளவை மேல பத்துப் போடுறாங்க. பிழைச்சுக்கிட்டாரு.

பிளவை. எங்க அண்ணன் சொன்ன அதே வார்த்தை. பத்துப் போடுறது. மருந்து. குணமாக்குவேன்னு சொன்ன ஆண்டவரோட ஆளு, அடுத்த மூச்சுலயே மருந்தைக் கொண்டாங்கன்னு சொல்லியிருக்காரு. நாங்க அஞ்சாவது வசனத்தைச் சுவத்துல சாத்தி வச்சுட்டு, ஏழாவது வசனத்தைப் பாவம்னு சொல்லி ஒரு மனுஷன் உடம்பை அழுக விட்டிருக்கோம். எனக்கு வந்துச்சே ஒரு கோவம். அழுகையும் வந்துச்சு, அப்படியே சிரிப்பும் வந்துச்சு, பைத்தியக்காரி மாதிரி. காலையில தறியில நின்னு எங்க தப்புன்னு காட்டும்னு கேட்டேன், மத்தியானம் காட்டிட்டாரு. அதுவும் வானத்துல இருந்து சத்தம் வரல. என் வீட்டு அலமாரியில, நான் பொறக்குறதுக்கு முன்னாலயே அச்சடிச்சு வச்சிருந்த எடத்துல காட்டினாரு.

அவியளை உலுக்கி எழுப்பினேன். அந்த நேரம் ஆண்டவர் கிருபையால நெனவு தெளிவா இருந்துச்சு. காதுக்குப் பக்கத்துல வச்சு வாசிச்சேன். இன்னொரு தடவை வாசின்னாங்க. வாசிச்சேன். பிளவைன்னே போட்டிருக்கான்னு கேட்டாங்க. புத்தகத்தைக் கண்ணுக்கு நேரா பிடிச்சேன். விரலை அந்த வார்த்தை மேல வச்சுக்கிட்டு, செத்த நேரம் எடுக்கல.

"அப்ப நான் வேதத்துக்குக் கீழ்ப்படியலையே செல்லம். போன் போடு."

பார்த்துக்கோங்க. எங்க அண்ணன் கெஞ்சி அசையாத மனுஷன், அந்த ஒரு வரிக்கு அசைஞ்சாங்க. அவிய பிடிவாதத்தை நான் இன்னைக்கு வரைக்கும் குத்தம் சொல்ல மாட்டேன். வேதம் சொன்னா கேக்குற மனசு அது. அந்த மனசுக்குப் பாதி வேதத்தைக் கொடுத்துக் கொல்லப் பார்த்தாங்க, அதுதான் எனக்கு ஆத்திரம்.

தெருமுனை அரிசிக் கடையில இருந்து போன் போட்டுட்டு வந்தா, பிரதர் எங்க வீட்டுக்குள்ள உக்காந்திருக்காரு. உபவாச ஜெபத்துக்கு வந்தாராம். ஆஸ்பத்திரின்னு கேட்டதும் முகம் மாறிப்போச்சு. நான் வேதத்தை விரிச்சு அவரு மடியில வச்சேன். பார்த்தாரு. அது பழைய ஏற்பாட்டுக் காலம் சிஸ்டர், அந்த ஜனங்களுக்குச் சொன்னதுன்னாரு.

"அட்டையும் அதே அதிகாரம்தானே பிரதர். அஞ்சாவது வசனம் நமக்கு, ஏழாவது வசனம் அவங்களுக்கா?"

ஆவியானவர் தனக்குத் தனியா வெளிப்படுத்தினதாச் சொன்னாரு. ஆவியானவர் எழுத வச்சதை ஆவியானவரே வந்து அடிச்சுத் திருத்துவாரான்னு கேட்டேன். பொம்பளை வாயாடக் கூடாதுன்னாரு. அதுக்கு நான் என்ன சொன்னேன்னு இங்க சொல்ல மாட்டேன், பாஸ்டரம்மா உக்காந்திருக்காங்க. அவருக்கு அந்த ஏழாவது வசனம் முன்னாலயே தெரியுமா தெரியாதான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சு மறைச்சிருந்தா அவன் மேய்ப்பன் இல்ல. தெரியாமலே போதிச்சிருந்தா, படிக்காம எதுக்கு அந்த மேடையில ஏறணும்? எப்படிப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரியுது.

கடைசியில பேசினது அவிய. சுவத்துப் பக்கம் இருந்து தலையைத் திருப்ப முடியாமலே சொன்னாங்க. "பிரதர், நீங்க சொன்னதுக்காக நான் மாத்திரையை விடல. வேதம் சொல்லுதுன்னு நெனச்சுத்தான் விட்டேன். இப்பவும் வேதம் சொல்லித்தான் போறேன்."

அண்ணன் அரைமணி நேரத்துல அம்பாசடர் காரோட வந்துட்டான். சாத்தின கதவைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அவியளைக் குழந்தையத் தூக்குற மாதிரி தூக்கிக் கார்ல குப்புறப் படுக்க வச்சான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில டாக்டர் பார்த்துட்டு, இத்தனை நாள் என்னம்மா செஞ்சீங்கன்னு கத்தினாங்க. அம்புட்டும் எனக்கு வேண்டியதுதான்னு நின்னு வாங்கிக்கிட்டேன். ரெண்டு நாள் தாமதிச்சிருந்தா கையை விரிச்சிருப்போம்னு சொன்னாங்க. அன்னைக்கே கிழிச்சு விட்டு, செத்த சதையை எல்லாம் வெட்டி எடுத்தாங்க. இன்சுலின் ஊசி போட்டாங்க. இருபத்து மூணு நாள் அங்கயே இருந்தோம். தினம் காலையில புண்ணைக் கழுவிக் கட்டு மாத்துறப்ப நான் பக்கத்துல நின்னு அந்தத் துணிச்சுருளைப் பிடிச்சுக்குவேன். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன். நர்சம்மா இந்தம்மா என்ன முணுமுணுக்குதுன்னு பார்த்தாங்க.

அவிய பிழைச்சுக்கிட்டாங்க. இந்தா, கடைசி பெஞ்சுல உக்காந்திருக்காங்களே, அவியதான். கழுத்தை முழுசாத் திருப்ப வராது, யாராவது கூப்பிட்டா உடம்போட சேர்ந்து திரும்புவாங்க. பிடரியில முட்டை அகலத்துக்குக் குழி. எனக்கு அது போதும். அந்த ராஜாவுக்குப் பதினஞ்சு வருஷம் கெடைச்சுது, எங்களுக்கு எம்புட்டோ தெரியாது, ஒம்பது வருஷம் கைமேல வாங்கிட்டேன். காலையில மாத்திரை கொடுக்கிறப்ப நாங்க ரெண்டு பேரும் ஜெபம் பண்ணித்தான் கொடுக்கோம்.

இதோட முடிச்சா நல்ல சாட்சிதான். ஆனா நான் முடிக்க முடியாது.

அந்த ஜெபவீட்டை விட்டு வந்துட்டோம். அந்தப் பிரதர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கல. நானும் வெளிய யாருகிட்டயும் பேசல. ஊழியத்துக்கு அவமானம் வரக்கூடாது, ஆண்டவர் நாமம் தூஷிக்கப்படும்னு நாலு பேரு சொன்னாங்க, நானும் வாயை மூடிக்கிட்டேன். வாயாடின்னு பேரு வாங்கினவ, பேச வேண்டிய எடத்துல மூடிக்கிட்டேன். அஞ்சு வருஷம் கழிச்சு, தொண்ணூத்து நாலுல, சோழபுரத்துல ஒரு பொண்ணு. இருபது வயசு. டி.பி. நோயி. அதே மனுஷன் அங்க கூட்டம் போட்டிருக்காரு, அதே தட்டு, அதே பேச்சு. மாத்திரையை நிப்பாட்டிட்டா. போய்ச் சேர்ந்துட்டா.

சாவுக்குப் போனேன். அவ அம்மா என்னை யாருன்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. அழுகையை நிப்பாட்டிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாங்க. "உங்க வீட்டுல நடந்ததை நீ ஏம்மா எங்களுக்கு வந்து சொல்லல?"

நான் ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன், அவரு மன்னிச்சாருன்னு விசுவாசிக்கேன். அந்த அம்மாகிட்டயும் கேட்டேன். அவங்க முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அன்னையில இருந்து கூப்பிடுற எடத்துக்கெல்லாம் போய் இதைச் சொல்லிக்கிட்டு வாரேன். கூப்பிடாத எடத்துக்கும் போறேன். வத்திராயிருப்புப் பக்கம் ஒரு கூட்டத்துல பாதியில மைக்கைப் பிடுங்கிட்டாங்க. மைக் இல்லாம பேசுறதுக்கு எனக்குத் தறிக்கூடம் நல்லாவே பழக்கியிருந்துச்சு.

அக்கா தங்கச்சிமாரே, உங்களை நான் கெஞ்சிக் கேக்கேன். வேதத்தை நம்புங்க. என் புருஷனைக் காப்பாத்தினது அதுதான். கட்டின பொண்டாட்டிக்கு இல்லாத அதிகாரம், போலீஸ்காரனுக்கு இல்லாத அதிகாரம் அதுக்கு இருந்துச்சு. ஆனா முழுசா நம்புங்க. ஒருத்தர் வந்து வேதம் இப்படிச் சொல்லுதுன்னு சொன்னா, அவரு வெள்ளைச் சட்டையைப் பார்க்காதீங்க, அழுற கண்ணைப் பார்க்காதீங்க. எங்க எழுதியிருக்குன்னு கேளுங்க. எடுத்து, அதிகாரத்தோட முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் வாசிங்க. வாசிக்கத் தெரியலைன்னா படிக்கிற புள்ளையக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க. சமையல் கெடந்தா கெடக்கட்டும்.

நான் சொன்னதையும் நம்பாதீங்க. அழுதேன், சத்தம் போட்டேன், உங்க மனசு இளகியிருக்கும், அதை வச்சு நம்பாதீங்க. வீட்டுக்குப் போய் அந்த அதிகாரத்தை எடுத்து வாசிங்க. நான் ஒரு வசனத்தை முழுங்கியிருந்தா, ஒண்ணைக் கூட்டிச் சொல்லியிருந்தா, வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் முன்னால என்னை எந்திரிக்க வச்சுக் கேளுங்க.